அடியில் கிடக்கும் டிசம்பர்

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் முதல் பனி அக்டோபரிலேயே விழுந்துவிடும். வடக்கு பார்த்த சரிவுகளில், வெயில் எட்டாத மடிப்புகளில், அது கரையாமல் தங்கும். முழங்கால் உயரம்கூட இருக்காது. பல ஆண்டுகளில் அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் விழாது. பகலெல்லாம் நீலவானம், இரவெல்லாம் நட்சத்திரம், காற்றின் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி. படம் எடுக்க இதைவிட நல்ல பருவம் கிடைக்காது. இப்படி அழகாகக் கழிகிற நவம்பர், டிசம்பர் நாட்கள்தான் அடுத்த ஏப்ரல் வரை ஆட்களைப் புதைக்கப்போகும் பனிச்சரிவுகளுக்கு அடித்தளம் போடுகின்றன. நடுவில் வருகிற புயல்கள் அதன்மேல் பாரம் ஏற்றுகின்றன. பழி மட்டும் புயலுக்குப் போகும்.

அந்த அமைதியான வாரங்களில் பனிக்குள் நடப்பது இதுதான். கோடையில் வாங்கிய வெப்பம் மண்ணில் இன்னும் மிச்சமிருக்கிறது. பனியில் பெரும்பகுதி காற்று என்பதால் அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே மண்ணைத் தொட்டிருக்கும் பனியின் அடிப்பாகம் ஏறக்குறைய 0 டிகிரியிலேயே நிற்கிறது. மேற்பரப்போ மைனஸ் 20. பனியின் ஆழம் அரை மீட்டர் என்றால், ஒரு மீட்டருக்கு 40 டிகிரி என்ற விகிதத்தில் வெப்பநிலை மாறுகிறது. இதே குளிரில் பனி 2 மீட்டர் ஆழம் இருந்திருந்தால் விகிதம் 10 டிகிரிதான். பனியியலாளர்கள் எல்லைக்கோடாக வைத்திருப்பதும் ஏறத்தாழ அந்த 10 டிகிரியைத்தான். அதற்குள் இருந்தால் பனித்துகள்கள் மெல்ல உருண்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டி, நாளாக நாளாக வலுப்பெறும். அதைத் தாண்டினால் கதை மாறிவிடும்.

சற்று வெதுவெதுப்பான அடிப்பகுதியில் நீராவி அதிகம். குளிர்ந்த மேல்பகுதியில் குறைவு. ஆவி கீழிருந்து மேலே நகர்கிறது. நகரும் வழியில் ஒரு துகளின் தலையிலிருந்து கிளம்பி அடுத்த துகளின் அடியில் படிந்து உறைகிறது. சில வாரங்களில் பழைய துகள்கள் எல்லாம் தொலைந்து, அவற்றின் இடத்தில் கோணல்மாணலான, பட்டைகள் தீட்டிய, சில மில்லிமீட்டர் பெரிய படிகங்கள் நிற்கின்றன. முற்றிய படிகம் கிண்ண வடிவில் இருக்கும். தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நகைக்கடையில் வைக்கலாம் போலிருக்கும். ஆனால் ஒன்றுக்கொன்று பிடிப்பு கிடையாது. புதுப்பனியை அமுக்கினால் உருண்டையாகும். இதைக் கையில் அள்ளினால் விரலிடுக்கில் ரவை மாதிரிக் கொட்டிவிடும். அங்குள்ள பனிச்சறுக்குக்காரர்கள் இதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள்.

பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது இயல்பு. மேலே சொன்ன கணக்கு அதைத் தலைகீழாக்குகிறது. பசிபிக் கடலோரத்து காஸ்கேட் மலைகளில் பனி ஆள் உயரத்துக்கு மேல் குவியும், குளிரும் மிதமாக இருக்கும். புயலில் வந்த பலவீனம் பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, உயரத்தில், மெலிந்த பனியும் கடுங்குளிருமாக இருக்கும் கொலராடோவில் அடியடுக்கு மாதக்கணக்கில் ஆறுவதில்லை. அமெரிக்க மாநிலங்களில் பனிச்சரிவுச் சாவுகள் அதிகம் நடந்திருப்பது அங்கேதான். மக்கள் கூட்டமும் ஒரு காரணம் என்றாலும், அடியில் கிடக்கும் அந்த டிசம்பர் பெரிய காரணம்.

தெளிந்த இரவுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோகும்போது காற்றின் ஈரம் அதன்மேல் இறகு இறகாகப் படிகிறது. காலை வெயிலில் மின்னும் அந்த உறைபனி இறகுகளால் அப்போது ஒரு கெடுதலும் இல்லை. காற்றடித்தால் ஒடிந்துபோகும், வெயில் ஏறினால் அழியும். இரண்டும் நடக்காமல் அடுத்த பனி மெத்தென்று அதன்மேல் விழுந்து மூடிவிட்டால், சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பொறி தயாராகிவிடுகிறது. மேலிருந்து பார்க்கிறவருக்கு வெள்ளைதான் தெரியும்.

நொய்ந்த அடுக்கு தனியாக யாரையும் கொல்லாது. அதன்மேல் ஒரு பாளம் வேண்டும். புதுப்பனி தன் எடையிலேயே இறுகிப் பாளமாகும். காற்று அதை இன்னும் வேகமாகச் செய்யும்: ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி, துகள்களை உடைத்து, மறுபக்கச் சரிவில் இறுக்கமாக அடுக்கிவிடும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் காற்றால் பனியைக் குவிக்க முடியும். அதனால்தான் அனுபவசாலிகள் மழைமானியைவிட மலைமுகட்டில் புகைபோல் பறக்கும் பனியை அதிகம் கவனிக்கிறார்கள்.

இறுகாத உதிரிப் பனியும் சரியும். ஒரு புள்ளியில் தொடங்கி, இறங்க இறங்க அகலும். பள்ளத்தில் தள்ளிவிடாதவரை அதிலிருந்து ஆள் தப்பிவிட வாய்ப்பு அதிகம். பாளம் அப்படியில்லை. குறுக்கே நீளமாக ஒரு விரிசல் ஓடி, சரிவு முழுவதும் ஒரே நேரத்தில் கழன்று வரும். நிற்பவர் அதன் நடுவில் இருப்பார். பனிச்சரிவில் சிக்கியவர்களின் விபத்துகளை ஆராய்ந்தால், ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் பாளத்தை உடைத்தது சிக்கியவரே, அல்லது அவரோடு வந்தவர். மேலே எங்கிருந்தோ வந்து விழுந்த விதி என்று சொல்ல முடிவதில்லை.

எப்படி உடைகிறது என்பதில் பனியியல் வெகுகாலம் தடுமாறியது. மேலிருக்கும் பாளம் சரிவு நெடுக வழுக்கப் பார்க்கிறது, நொய்ந்த அடுக்கு தாங்க முடியாமல் அறுகிறது என்பதே பழைய விளக்கம். இதில் ஒரு முடிச்சு அவிழவில்லை. சமதரையில் நடந்துகொண்டிருந்தவர்கள், தங்களுக்கு மேலே நூறு மீட்டர் தள்ளியிருந்த செங்குத்துச் சரிவைக் கழற்றிவிட்ட சம்பவங்கள் பல. சமதரையில் வழுக்கல் ஏது? 2008-இல் ஹயர்லி, கும்ஷ், சைசர் ஆகிய மூவர் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, நொய்ந்த அடுக்கு அறுபடுவதற்கு முன் நொறுங்கி அமுங்குகிறது என்ற கருத்தை வலுவாக முன்வைத்தது. கிண்ணப் படிகங்கள் நொறுங்கும்போது மேலிருக்கும் பாளம் சில மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வளைந்த பாளம் பக்கத்துப் படிகங்களை நொறுக்குகிறது. அவை அடுத்தவற்றை நொறுக்குகின்றன. இதற்குச் சாய்வே தேவையில்லை. சமதரையில் தொடங்கும் நொறுங்கல் அடியடுக்கு வழியே ஓடி, மேலே 38 பாகைச் சரிவை எட்டும்போது அங்கே பாளம் தாங்காமல் கழன்றுவிடும்.

இந்த ஓட்டத்தைக் காதால் கேட்கலாம். பனியில் காலெடுத்து வைத்ததும் அடியில் பெருமூச்சு விட்டதுபோல் 'வும்ஃப்' என்ற ஓசையோடு தரை துளி இறங்கும். கனடாவில் ஆய்வாளர்கள் நிலநடுக்கத்தை அளக்கும் உணரிகளைப் பனியில் வரிசையாக வைத்து, ஒரு சமவெளியில் இதைத் தாங்களே தூண்டி அளந்தார்கள். நொறுங்கல் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடியது. சரிவுகளில் இன்னும் அதிகம். சுவிட்சர்லாந்தின் லோசான், டாவோஸ் ஆய்வாளர்கள் கணினி மாதிரிகளையும் காணொளிகளையும் வைத்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், செங்குத்தான சரிவில் விரிசல் வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்டலாம் என்று காட்டினார்கள். சில பெரிய நிலநடுக்கங்களில் பாறை பிளக்கும் விதம் அது. அந்தக் கணினி மாதிரியின் கணக்கு முறைக்கும், டிஸ்னியின் 'ஃப்ரோஸன்' படத்துப் பனியை அசைத்த முறைக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பது இந்தத் துறையில் எனக்குப் பிடித்த உபகதை.

சரி, போகிறவர் இதையெல்லாம் முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? வும்ஃப் ஓசை, சறுக்குப் பலகையின் முனையிலிருந்து கிளம்பி ஓடும் விரிசல், பக்கத்து மலையில் புதிதாகச் சரிந்த தடம்: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பனி தன் வாயாலேயே சொல்லிவிட்டது என்று பொருள். எதுவும் தென்படாதபோதுதான் சிக்கல்.

அப்போது குழி தோண்டிப் பார்க்கிறார்கள். பனியை அடிவரை வெட்டி, சுவரில் அடுக்குகளைப் படித்து, ஒரு தூணைப் பிரித்தெடுப்பார்கள். ரான் சிமென்ஹாய்ஸும் கார்ல் பர்க்லேண்டும் 2006-இல் அறிமுகப்படுத்திய சோதனையில் தூணின் அகலம் 90 சென்டிமீட்டர், ஆழம் 30. அதன் ஒரு ஓரத்தில் மண்வாரித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதைவிட, உடைந்த விரிசல் மறு ஓரம்வரை ஒரே வீச்சில் ஓடியதா என்பதுதான் கேள்வி. ஓடினால் திரும்பிவிட வேண்டும்.

ஓடாவிட்டால்? இங்கேதான் நான் பல கையேடுகளோடு முரண்படுகிறேன். அவை சோதனையை ஒரு தேர்வாகவும், தேறினால் மேலே போகலாம் என்பதாகவும் புரிந்துகொள்ள இடம் வைக்கின்றன. ஒரு குழி அந்தக் குழியைப் பற்றித்தான் சாட்சி சொல்லும். பத்தடி தள்ளிப் பாளம் மெலிந்திருக்கலாம், அடியில் ஒரு பாறை இருக்கலாம். பாளம் ஒரு மீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கும் இடத்தில் ஆளின் எடை அடியடுக்குவரை போய்ச்சேர்வது அரிது. பாறை தலைகாட்டும் விளிம்பில், பாளம் மெலியும் இடத்தில், அது எளிதில் போய்ச்சேரும். அந்த ஓரிடத்தில் நொறுங்கினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஒன்பது பேர் சறுக்கிய தடம் கண்முன் இருக்க, பத்தாவது ஆள் சரிவைக் கழற்றுவது இதனால்தான். 'ஆகாது' என்று சோதனை சொன்னால் நம்பலாம். 'ஆகட்டும்' என்று சொன்னால், அதை நம்பி 38 பாகைச் சரிவில் ஏறக்கூடாது.

பனிச்சரிவு அறிக்கைகளும் இப்படித்தான். சுவிட்சர்லாந்து 1945-இல் இவற்றைத் தொடங்கியது. டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் இன்றும் வெளியிடுகிறது. ஐரோப்பா 1993-இல் ஐந்து படிநிலைகள் கொண்ட அளவுகோலுக்கு ஒத்துக்கொண்டது. வட அமெரிக்காவிலும் ஐந்துதான். மூன்றாம் நிலை என்றதும் ஐந்தில் மூன்று, நடுத்தரம், சமாளிக்கலாம் என்று மனம் கணக்குப் போடும். ஒவ்வொரு படியிலும் ஆபத்து மடங்கு மடங்காக ஏறுகிறது என்பதை எண் மறைத்துவிடுகிறது. சுவிஸ் நாட்டில் சறுக்கப்போய் இறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மூன்றாம் நிலை நாட்களில்தான் இறக்கிறார்கள். ஐந்தாம் நிலையில் யாரும் மலைக்கே போவதில்லை. இந்தியாவில் சண்டிகரிலிருந்து பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் மாவட்ட வாரியாக எச்சரிக்கை தருகிறது. ஒரு மாவட்டத்துக்கான எச்சரிக்கை, குல்மார்க் கம்பிவடத்தில் அஃபர்வாட் உச்சிக்கு அருகே போய் இறங்கும் சுற்றுலாக்காரர் அங்கே எந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்று சொல்லாது.

மலை நல்ல ஆசானும் இல்லை. சமையலில் உப்பு கூடினால் நாக்கு உடனே சொல்லும். தவறான சரிவில் ஏறியவரை மலை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, தன் முடிவு சரி என்று நினைத்துக்கொள்கிறார். இருபது ஆண்டு அனுபவம் என்பது சில நேரங்களில் இருபது ஆண்டு அதிர்ஷ்டம். அமெரிக்காவின் இயன் மெக்கம்மன் எழுநூறுக்கும் மேற்பட்ட விபத்துகளை அலசி, பழகிய இடம், போட்ட திட்டத்தை விடாமை, குழுவில் விவரமானவர் என்று கருதப்படுபவர்மேல் வைத்த நம்பிக்கை ஆகியவை மனிதரை எப்படி ஏமாற்றுகின்றன என்று எழுதினார். அந்தப் பட்டியல் இன்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் ஓதப்படுகிறது.

அப்படியானால் உறுதியாகத் தெரியக்கூடியது எது? சரிவின் கோணம். பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள் நடக்கின்றன. 38-ஐ ஒட்டி அதிகம். 30-க்குக் கீழே பாளம் தானாக நகர்வது மிக அரிது. 50-க்கு மேலே பனி நின்று சேராமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சறுக்குவதற்குச் சுகமான கோணமும் அதே 35, 38 பாகைதான் என்பது பொல்லாத பொருத்தம். பனியின் உள்நிலை நாளுக்கு நாள், பத்தடிக்குப் பத்தடி மாறும். கோணம் மாறாது. உள்ளங்கையில் அடங்கும் சாய்வுமானி போதும், கைப்பேசியிலும் அளக்கலாம், புறப்படும் முன் வீட்டிலேயே வரைபடத்தில் நிறம் தீட்டிப் பார்த்துவிடலாம். பனி எப்போது கழலும் என்பது அனுமானம். எங்கே கழலும் என்பது ஏறக்குறைய அளவீடு. அடியடுக்கு நொய்ந்த பருவத்தில் 30 பாகைக்கு உள்ளேயே சறுக்கிவிட்டு வருபவரைச் சோதனைக்குழி தோண்டுபவரைவிட நான் அதிகம் மதிப்பேன்.

ஆனால் அளக்க வேண்டியது காலடியை மட்டுமில்லை. 2013 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் லவ்லேண்ட் கணவாய்க்கு அருகே, ஷீப் கிரீக் என்ற ஓடையை ஒட்டி நடந்தது அதைக் காட்டுகிறது. அந்தக் குளிர்காலம் மெலிந்த பனியோடு தொடங்கியது. அடியில் சர்க்கரைப் பனி முற்றியது. ஏப்ரலில் அடுத்தடுத்த புயல்கள் கனமான பனியைக் கொட்டின. பனிமலைப் பாதுகாப்பையும் நோக்கமாகக் கொண்ட ஒரு கூடலுக்கு வந்திருந்தவர்களில் ஆறு பேர் காலையில் கிளம்பினார்கள். அன்றைய அறிக்கையைப் படித்திருந்தார்கள். வடக்கு பார்த்த சரிவுகளில் ஆழத்தில் நொய்ந்த அடுக்கு இருப்பது அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு சரிவின் அடிவாரத்தைக் கடந்து, பாதுகாப்பான இடம் என்று கருதிய மரக்கூட்டத்துக்குப் போவதுதான் திட்டம். கடக்கும்போது ஒருவருக்கொருவர் ஐம்பதடி இடைவெளி விட்டார்கள்.

வும்ஃப் ஓசை கேட்டது. நொறுங்கல் அவர்கள் காலடியிலிருந்து மேல்நோக்கி ஓடியது. மேலே, அவர்கள் மிதித்தே இராத செங்குத்தில், சுமார் 240 மீட்டர் அகலத்துக்குப் பாளம் தரைவரை பெயர்ந்தது. உடைந்த விளிம்பின் உயரம் சராசரியாக ஒன்றேகால் மீட்டர். சில இடங்களில் மூன்றரை. கீழே ஓடைப்பள்ளம் இருந்ததால் வந்த பனி பரவ வழியில்லாமல் அங்கேயே குவிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். கொலராடோவில் 1962-க்குப் பிறகு ஒரே பனிச்சரிவில் இத்தனை பேர் இறந்ததில்லை.

ஆறு பேரிடமும் 457 கிலோஹெர்ட்ஸில் துடிப்பு அனுப்பும் டிரான்ஸீவர் இருந்தது. புதைந்தவரின் கருவி அனுப்பும் துடிப்பை மேலே நிற்பவரின் கருவி பிடித்து வழிகாட்டும். பிறகு நீளக்கம்பியால் குத்தித் தேடி, மண்வாரியால் தோண்ட வேண்டும். இதற்கெல்லாம் இருக்கும் நேரம் மிகக் குறைவு. சுவிஸ் விபத்துகளை வைத்து 1994-இல் வந்த கணக்கு, 15 நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள் என்றது. 2024-இல் அதே நாட்டின் நாற்பதாண்டுத் தரவை மறுபடி பார்த்தபோது அந்தக் கால் மணி பத்து நிமிடமாகச் சுருங்கியது. அரை மணி ஆகும்போது மூன்றில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. பெரும்பாலோர் சாவது குளிரால் அன்று, மூச்சுத்திணறலால். நின்றுபோன பனி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியிருக்கும்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் 19-ஆவது பட்டாலியனின் பத்து வீரர்கள் புதைந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. நால்வர் இங்கிருந்து போனவர்கள். அது பனியாற்றின்மேல் பனிக்கட்டிச் சுவர் சரிந்த வேறுவகை நிகழ்வு. கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு வீரர் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டபோது நாடே வியந்தது. கூடாரம் தாங்கிய இடத்தில் காற்றுக்கு இடம் இருந்திருக்கிறது. அவரும் சில நாட்களில் டில்லி மருத்துவமனையில் இறந்தார். அந்த ஒன்றை வைத்து யாரும் கணக்குப் போடக்கூடாது.

ஷீப் கிரீக்கில் பிழைத்த ஒருவரும் பகுதி புதைந்தவர்தான். ஒரு முன்கை மட்டும் விடுபட்டதால் முகத்துப் பனியை விலக்கி மூச்சு விட்டார், நகர முடியவில்லை, மீட்புக்குழு வர நான்கு மணி நேரம் போல ஆனது. ஆறு கருவிகளும் துடித்துக்கொண்டிருக்க, கேட்பதற்கு மேலே ஒரு கருவி இல்லை. 240 மீட்டர் அகலத்துக்குக் கழலும் பாளத்தின் முன் ஐம்பதடி இடைவெளி எதற்கும் உதவாது. கடப்பதென்றால் ஒரு நேரத்தில் ஒருவர் கடக்க வேண்டும். மற்ற ஐவர் சரிவு எட்டாத இடத்தில் நின்று அவர்மேலேயே கண்ணை வைத்திருக்க வேண்டும்.

எட்டாத இடம் எது என்பதையும் அளக்கலாம். நிற்கும் இடத்திலிருந்து சாய்வுமானியைச் சரிவின் உச்சிக்குக் குறிபார்க்க வேண்டும். 30, 35 பாகை காட்டினால் பனி வந்து நிற்கும் பாதையிலேயே நிற்கிறீர்கள். பின்னால் நகர நகர எண் இறங்கும். 20-க்குக் கீழே போய்விட்டால் பெரும்பாலான பனிச்சரிவுகள் அவ்வளவு தூரம் வருவதில்லை. குறிபார்க்க அரை நிமிடம் ஆகும்.